மூன்றில் இரண்டு

சிட்னி,
வியாழக்கிழமை இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீங்களே ஒரு வரி எழுதுங்கள். போனில் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் முடிந்ததும் உங்களைக் கூப்பிட்டோம். இனியா மெடலைக் காட்டினாள். நீங்கள் "சபாஷ் கண்ணு" என்றீர்கள். அடுத்த நிமிடமே போன் அம்மா கைக்குப் போய்விட்டது. நான் சொல்ல நினைத்ததில் கால்வாசிகூடச் சொல்லவில்லை. அதோடு உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்றும் இருக்கிறது. அதைப் போனில் கேட்க எனக்கு வராது. நான்கு நாளாக மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்துவிட்டு இன்று உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் மாப்பிள்ளைக்கு இரவு வேலை, இனியா தூங்கிவிட்டாள்.

போன மாதம் நீங்கள் கேட்டீர்கள்: "எட்டு வயசுப் புள்ளைய நீந்தச் சொல்லி, சைக்கிள் ஓட்டச் சொல்லி, அது பத்தாதுன்னு ஓடவும் சொல்லுவாங்களா? என்னத்துக்கு?" அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை.

ட்ரையத்லான் என்றால் அவ்வளவுதான் அப்பா, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் உட்காராமல். பெரியவர்களுக்கு ஒலிம்பிக்கில் வைப்பது ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். சின்னப் பிள்ளைகளுக்கு அப்படியெல்லாம் இல்லை. இனியாவின் வயதுக்கு 75 மீட்டர் நீச்சல், 3 கிலோமீட்டர் சைக்கிள், 500 மீட்டர் ஓட்டம். நம் கிணற்றுக் கணக்கில் சொன்னால், கிழக்குச் சுவருக்கும் மேற்குச் சுவருக்கும் ஆறு தடவை. அதை நீந்திவிட்டு, தோட்டத்திலிருந்து வாய்க்கால் பாலம் வரை சைக்கிளில் போய்வந்து, கடைசியில் மாரியம்மன் கோயில் வரை ஓடுவது.

இதைத் தொடங்கியவர்களும் பெரிய வீரர்கள் இல்லை. அமெரிக்காவில் சான் டியேகோ என்ற ஊரில் ஓட்டப் பயிற்சிக் குழு ஒன்று இருந்தது. அதில் ஜாக் ஜான்ஸ்டோன், டான் ஷானஹன் என்ற இரண்டு பேர், ஓடி ஓடி அலுத்த ஆட்களுக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டுமென்று 1974 செப்டம்பர் 25ஆம் தேதி, ஒரு புதன்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து வந்தவர்களை வைத்து நடத்தியிருக்கிறார்கள். 46 பேர் கலந்துகொண்டார்கள். முடிவதற்குள் இருட்டிவிட்டது. தண்ணீரில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். கரையில் கார்களைத் திருப்பி நிறுத்தி, முன்விளக்கைத் தண்ணீர் மேல் அடித்துக் காத்திருந்தார்களாம். இதைப் படித்தபோது உங்கள் ஞாபகம்தான் வந்தது. அண்ணன் வாய்க்காலில் குளித்துவிட்டு நேரங்கழித்து வந்த அன்று நீங்கள் புல்லட்டைக் கரையில் திருப்பி வைத்து விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றீர்களே.

அந்த முதல் பந்தயத்தில் ஓட்டம் முதலில், நீச்சல் கடைசியில். இப்போது நீச்சலைத்தான் முதலில் வைக்கிறார்கள். களைத்த உடம்போடு ஓடுகிறவன் உட்கார்ந்துவிடலாம், சைக்கிளில் போகிறவன் காலை ஊன்றிக்கொள்ளலாம். தண்ணீரில் களைத்தால் உட்கார இடம் இல்லை. அதனால் உடம்பில் முழுப் பலமும் இருக்கும்போதே தண்ணீரை முடித்துவிட வேண்டும். இந்த ஒரு காரணத்தைக் கேட்டதும்தான் எனக்கு இந்தப் பந்தயத்தின் மேல் நம்பிக்கை வந்தது. பிள்ளைகளை என்ன செய்யச் சொல்கிறோம் என்று தெரிந்தவர்கள் வகுத்த ஒழுங்கு அது.

பந்தயம் நடந்த இடம் எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம். பென்ரித் என்ற ஊர். ஜல்லியும் மணலும் தோண்டிய பெரிய பள்ளங்களை ஏரியாக்கி, 2000ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் துடுப்புப் படகுப் போட்டி நடத்தினார்கள். நன்னீர் ஏரி. மேற்கே நீலமலை கோடு போட்ட மாதிரி தெரியும். காலை ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் மேல் பனி படிந்திருந்தது. இனியாவின் கையில் எண்ணும் கெண்டைக்காலில் வயதும் மார்க்கர் பேனாவால் எழுதினார்கள். கணுக்காலில் நேரம் குறிக்கும் பட்டை. அவள் அதைக் கொலுசு என்றாள்.

நீந்தி வந்ததும் சைக்கிளுக்கு மாறுகிற இடத்தை ட்ரான்ஸிஷன் என்கிறார்கள். நீளமான கம்பிகளில் சைக்கிள்களை வரிசையாக மாட்டி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு சைக்கிளுக்குக் கீழும் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் பிள்ளையின் பொருள்களை அடுக்க வேண்டும். இனியா விரித்தது அம்மா போன வருடம் கொடுத்துவிட்ட சென்னிமலைத் துண்டு. சிவப்புக் கரை போட்டது. அதன்மேல் ஷூ இரண்டு, உள்ளே காலுறை சுருட்டி, பக்கத்தில் ஹெல்மெட்டை மல்லாக்க வைத்து, அதற்குள் கண்ணாடி, ஒரு வாழைப்பழம். எல்லாம் அவளே வைத்தாள். நான் ஷூவைக் கொஞ்சம் நேராக நகர்த்தினேன், அவள் திரும்பப் பழைய இடத்திலேயே வைத்தாள். அப்போது ஒலிபெருக்கியில், பெற்றோர் எல்லோரும் தடுப்புக்கு வெளியே போகவும் என்று அறிவித்தார்கள். இனிமேல் பந்தயம் முடியும்வரை உள்ளே பெற்றோருக்கு இடமில்லை. பிள்ளை அழுதாலும், ஷூ மாட்டத் தெரியாமல் நின்றாலும், உதவிக்கு வருகிறவர்கள் தன்னார்வலர்கள்தான். நாம் போகக் கூடாது.

அப்பா, இந்த விதியை நான் முன்னமே படித்திருந்தேன். படிப்பது வேறு, இடுப்பளவு இரும்புத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்பது வேறு. எட்டு வருடமாகத் தலை துவட்டிவிட்டு, சோறு ஊட்டிவிட்டு, பள்ளிக்கூடம் கிளம்பும்போது ஷூ லேஸ் கட்டிவிட்ட கை. அதை எங்கே வைத்துக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

நீச்சலுக்கு வருகிறேன். வயதுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிறத் தொப்பி கொடுத்து, இரண்டு நிமிட இடைவெளியில் விட்டார்கள். இனியாவுடையது மஞ்சள். ஏரிக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் ஆட்கள் நின்றார்கள். ஆழத்தில் மிதக்கும் பலகைகளில் உட்கார்ந்தும் ஆட்கள் இருந்தார்கள். நீச்சல் குளத்தில் அவள் 75 மீட்டரை எத்தனையோ தடவை நீந்தியிருக்கிறாள். ஆனால் குளத்தில் தரை தெரியும், அடியில் நேர்கோடு தெரியும். ஏரியில் ஒன்றும் தெரியாது. நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் பாய்ந்தபோது தண்ணீரே கலங்கிப் போனது. எல்லாம் மஞ்சள் தொப்பி. எது என் பிள்ளை என்று எனக்குத் தெரியவில்லை.

பாதி தூரத்தில் ஒரு மஞ்சள் தொப்பி நின்றுவிட்டது. முன்னால் போன பிள்ளையின் கால் பட்டு நீச்சல் கண்ணாடி நழுவி, அவள் தண்ணீரைக் குடித்துவிட்டாள். தலையைத் தூக்கி இருமியபோதுதான் அவளென்று தெரிந்தது. பலகையில் இருந்த ஒரு பெண்மணி, அறுபது வயதிருக்கும், பக்கத்தில் தள்ளி வந்தார். இனியா பலகையைப் பிடித்துக்கொண்டாள். "அவ்வளவுதான், வெளியே தூக்கிவிடுவார்கள்" என்று நினைத்தேன். உங்கள் மாப்பிள்ளை என் தோளைத் தொட்டு, "பிடிச்சுக்கலாம், விதியில இருக்கு" என்றார்.

ஆமாம் அப்பா, விதியில் இருக்கிறது. நீந்துகிறவர் பலகையையோ படகையோ மிதவையையோ பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மூச்சு வாங்கலாம். ஆனால் அது அவரை முன்னால் இழுத்துக்கொண்டு போகக் கூடாது. பிடித்துக்கொள்ளலாம், அதை வைத்து ஒரு சாண்கூட நகரக் கூடாது. மறுபடி விட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தானே நீந்த வேண்டும்.

அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நான் பென்ரித்தில் இல்லை. நம் கிணற்று மேட்டில் இருந்தேன். எனக்கு ஏழு வயது, அண்ணனுக்குப் பத்து. அண்ணன் இடுப்பில் தேங்காய்நார்க் கயிறு, முதுகில் சுரைப்புருடை. நீங்கள் மூன்றாம் படியில் நின்று கயிற்றின் இன்னொரு நுனியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருக்கிறீர்கள். அண்ணன் கையைக் காலை அடித்துக்கொண்டு முழுகுகிறான், மேலே வருகிறான், கத்துகிறான். நீங்கள் இழுக்கவில்லை. கயிறு தொய்வாகத்தான் கிடந்தது. அவன் நிஜமாகவே உள்ளே போனபோது மட்டும் ஒரு வெட்டு இழுத்துத் தலையை மேலே கொண்டுவந்தீர்கள், மறுபடி தொய்வாக விட்டீர்கள். நான்காம் நாள் புருடையைக் கழற்றினீர்கள். ஆறாம் நாள் கயிற்றையும் கழற்றிவிட்டீர்கள், அவனுக்குத் தெரியாமலே. அவன் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்து, கயிறு படியில் கிடப்பதைக் கண்டு சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கிறது.

நான் மேட்டில் உட்கார்ந்து உங்கள் சட்டையையும் செருப்பையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனியா கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணாடியைச் சரியாக வைத்துக்கொண்டு பலகையை விட்டாள். கரையேறினாள். பந்தயம் முடிந்து அந்தப் பெண்மணியைத் தேடிப் போய் நன்றி சொன்னேன். "நான் பேச்சுக் கொடுத்தேன், அவள் பேசவில்லை. ஏதோ ஒரு பாஷையில் எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்ததும் அவளே விட்டுவிட்டாள்" என்றார். பயம் வந்தால் எதையாவது பிடித்துக்கொண்டு பத்துவரை எண்ணு என்று நான்தான் குளத்தில் சொல்லிக் கொடுத்திருந்தேன். அதைத் தமிழில் எண்ணுவாள் என்று நான் நினைக்கவில்லை.

இனி ஹெல்மெட். இதையும் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் பந்தயத்தில் சைக்கிளைக் கம்பியிலிருந்து எடுக்கும் முன்பே ஹெல்மெட்டைப் போட்டுத் தாடைக்குக் கீழே கிளிப்பை மாட்டியிருக்க வேண்டும். சைக்கிளைத் திரும்பக் கம்பியில் வைத்த பிறகுதான் கழற்றலாம். "முதல்ல தலை, அப்புறம் வண்டி" என்று இரண்டு மாதமாக வீட்டில் ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் கை காய்ந்திருந்தது. அன்றைக்கு ஈரம். விரல்கள் குளிரில் விறைத்திருந்தன. கிளிப்பின் இரண்டு பாதிகளும் எதிரெதிராக வந்து வந்து நழுவின. நான்கு தடவை. ஐந்து தடவை. நான் நின்ற தடுப்பிலிருந்து அவள் பத்தடி தூரம்தான். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை, பார்த்தாள். நான் என் இரண்டு கையையும் சேலை முந்தியில் துடைப்பது மாதிரிக் காட்டினேன். அவளுக்கு விளங்கிவிட்டது. சென்னிமலைத் துண்டில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள், அவசரமே இல்லாமல். பிறகு மாட்டினாள். 'டக்' என்ற சத்தம் அந்தக் கூச்சலிலும் எனக்குக் கேட்டது.

2000ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் முதன்முதலாக இந்தப் போட்டியைச் சேர்த்தபோது இதே சிட்னியில்தான், ஆபெரா ஹவுஸ் முன்னால்தான் நடந்தது. பெண்கள் பந்தயத்தில் சுவிட்சர்லாந்தின் பிரிஜிட் மக்மேஹன் ஜெயித்தார். இந்த ஊர்ப்பெண் மிஷெலி ஜோன்ஸ் இரண்டாவதாக வந்தார். இரண்டு மணி நேரம் நீந்தி, மிதித்து, ஓடிய பிறகு இரண்டு பேருக்கும் இடையில் இருந்தது 2 நொடி. ஒரு கிளிப் நழுவுகிற நேரம்தான் அது. அப்படிப்பட்ட விளையாட்டில் என் மகள் கை துடைக்க ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டாள். எனக்கு அந்த நிமிடத்தைவிடப் பெருமையானது அன்றைக்கு வேறொன்றும் இல்லை.

சைக்கிளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நன்றாக ஓட்டினாள், திருப்பத்தில் வேகம் குறைத்தாள், ஒரு பையன் விழுந்தபோது ஒதுங்கிப் போனாள். ஓட்டத்தில் முதல் நூறு மீட்டர் தள்ளாடினாள். சைக்கிளிலிருந்து இறங்கினதும் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்குமாம். இவ்வளவு நேரம் வட்டமாகச் சுற்றிப் பழகிய கால், நேராக வீசி வைக்கச் சொன்னால் உடனே கேட்காது. "என் கால் என் கால் மாதிரியே இல்லம்மா" என்று பிறகு சொன்னாள். முடிவுக் கோட்டில் மெடல் போட்டு, ஆரஞ்சுச் சுளை கொடுத்தார்கள். இந்த வயதில் முதல் இடம், இரண்டாம் இடம் என்று அறிவிப்பதில்லை. அவளுக்கு முன்னால் நிறையப் பேர் வந்தார்கள், பின்னாலும் சிலர் வந்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் புளிசாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "அம்மா, உனக்கு சைக்கிள் யார் சொல்லிக் கொடுத்தா?" அப்பச்சி என்றேன். "ஓட?" அதுவும் அப்பச்சிதான் என்றேன். "நீச்சல்?" குளத்து டீச்சர், போன வருஷம்தான், உனக்குத் தெரியுமே என்றேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "அப்பச்சி ஏன் நீச்சல் சொல்லித் தரல? நம்ம வீட்லதான் கிணறு இருக்கே."

இதற்கு நான் பதில் சொல்லவில்லை அப்பா. இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

மூன்றில் இரண்டு நீங்கள் தந்தது. உங்கள் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு நான் ஓட்டப் பழகியபோது பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு களம் முழுக்க ஓடி வந்தீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பெருந்துறைக்குச் சைக்கிளில் அனுப்பினீர்கள், ஊரில் எத்தனை பேர் எத்தனை சொன்னாலும். மாவட்டப் போட்டிக்கு எண்ணூறு மீட்டர் ஓடப் பழகியபோது விடிகாலை வாய்க்கால் கரையில் டார்ச் லைட்டோடு வந்து நின்றது நீங்கள்தான். பெண் பிள்ளை என்று எதிலும் நீங்கள் என்னைக் குறைத்ததில்லை. தண்ணீர் மட்டும்தான்.

காரணமும் எனக்குத் தெரியும். அண்ணன் பழகிய அதே வருடம்தான் கிழக்குத் தோட்டத்துப் பெண் கிணற்றில் தவறி விழுந்து போனாள். என்னோடு படித்தவள். அவளை மேலே எடுக்கக் கயிறு கட்டி இறங்கியவர்களில் நீங்களும் ஒருவர். அன்று இரவு நீங்கள் சாப்பிடவில்லை. அடுத்த நாள் நம் கிணற்றுக்கு முள்வேலி வந்தது. எனக்கும் கயிறு கட்டுங்கள் என்று நான் கேட்டபோது அப்பத்தா, "பொட்டப்புள்ளைக்குக் கெணத்துல என்ன வேல?" என்றார். நீங்கள் அதைச் சொல்லவில்லை. "வேண்டாஞ் சாமி, நீ மேலயே இரு" என்றீர்கள். உங்கள் குரலில் இருந்தது என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றபோது தெரிந்தது.

உங்கள் பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண் போனது நீந்தியதால் அல்ல அப்பா, நீந்தத் தெரியாததால். வேலி போட்டது சரி. வேலிக்குள் எனக்கும் கயிறு கட்டியிருக்க வேண்டும். இதை உங்களிடம் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் உலகத்தில் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் ஏறக்குறைய கால்பங்கு ஐந்து வயது ஆகாத குழந்தைகள். இந்த நாட்டின் பிரதமர் ஒருவரே, ஹெரால்டு ஹோல்ட் என்று பெயர், 1967இல் கடலில் நீந்தப் போனவர் திரும்பி வரவேயில்லை. நன்றாக நீந்தத் தெரிந்தவர். மெல்போர்னில் அவர் பெயரையே ஒரு நீச்சல் குளத்துக்கு வைத்தார்கள். முதலில் கேட்டபோது இது என்ன, அடக்கமில்லாமல், என்று இருந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. தண்ணீர் ஓர் ஆளைக் கொண்டுபோனால், மற்றவர்களைத் தண்ணீரிலிருந்து விலக்கி வைக்காமல் தண்ணீரைப் பழக்க வேண்டும் என்று இங்கே நினைக்கிறார்கள்.

நான் பழகியதையும் சொல்கிறேன். இனியாவை ஐந்து வயதில் குளத்தில் சேர்த்தபோது நான் கரையில் நாற்காலியில் இருந்தேன். அவள் ஏதோ ஒரு நாள் விழுந்தால் நான் என்ன செய்வேன் என்ற எண்ணம் வந்தது. ஒன்றும் செய்ய முடியாது, கத்தத்தான் முடியும். அதனால் போன வருடம், முப்பத்தேழு வயதில், பெண்களுக்கான வகுப்பில் சேர்ந்தேன். முதல் வாரம் முழுக்க முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை விடுவது மட்டும்தான். அதற்கே எனக்கு மூன்று வகுப்பு வேண்டியிருந்தது. ஐந்தாம் வகுப்பில் மல்லாந்து மிதக்கச் சொன்னார்கள். டீச்சர் என் முதுகுக்குக் கீழே உள்ளங்கையை வைத்திருந்தார். காதுக்குள் தண்ணீர் போய் வெளிச்சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் டீச்சர் இரண்டடி தள்ளி நிற்கிறார். கையை எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. அண்ணன் அன்றைக்கு ஏன் அப்படிச் சிரித்தான் என்று முப்பது வருடம் கழித்து எனக்குத் தெரிந்தது. இப்போது 25 மீட்டர் நிற்காமல் போவேன்.

அண்ணன் மகள் தர்ஷிகாவுக்கும் இந்த ஆவணியில் எட்டு முடிகிறது. போனில் இனியாவின் மெடலைப் பார்த்துவிட்டு, "நான் கெணத்துப் பக்கமே போகக் கூடாதுன்னு அப்பாரு சொல்லியிருக்காங்க" என்றாள். அவள் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அண்ணனிடம் பேசினேன். "அப்பா ஒத்துக்கிட்டா எனக்குச் சந்தோஷம்தான்" என்கிறான். தர்ஷிகாவின் அம்மா நங்கைக்கும் ஆசைதான், உங்களிடம் கேட்கத் தயங்குகிறார். அதனால் நான் கேட்கிறேன்.

வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்களாம், கிணறு பாதிக்கு மேல் நிற்கிறதாம். பரீட்சை முடிந்து விடுமுறை விட்டதும் அவளுக்குக் கயிறு கட்டுங்கள் அப்பா. அண்ணனைத் தண்ணீரில் இறக்கிவிட்டு நீங்கள் மூன்றாம் படியில் நில்லுங்கள். இறங்கும் முன் மோட்டார் ரூமில் பீஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வேலியின் கதவை மட்டும் எப்போதும் பூட்டியே வையுங்கள், சாவி உங்களிடம் இருக்கட்டும், பழகிவிட்டாள் என்றாலும் தனியாக விடாதீர்கள். மற்றதெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். கயிற்றை எப்போது தொய்வாக விடுவது, எப்போது வெட்டி இழுப்பது, எந்த நாளில் கழற்றுவது என்பதெல்லாம் உங்கள் கைக்குத் தெரியும். வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது என்று சொல்வீர்கள். நடுங்கினால் அண்ணன் பிடிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லுங்கள்.

நாங்கள் மார்கழியில் வருகிறோம். இனியாவுக்கு அப்போது இங்கே ஆறு வாரம் விடுமுறை. இந்தத் தடவை பொங்கல் முடிந்துதான் கிளம்புவோம். அப்போது கிணறு நிறைந்திருக்கும். மார்கழி விடிகாலையில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும், மேலே ஆவி பறக்கும் என்று அண்ணன் சின்ன வயதில் வந்து வந்து சொல்வான். ஆவியைப் பார்த்திருக்கிறேன். வெதுவெதுப்பு எனக்குத் தெரியாது.

இனியாவும் தர்ஷிகாவும் பழகியிருப்பார்கள், அவர்களுக்கு வேண்டியிருக்காது. அந்தக் கயிற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் அப்பா. எனக்கு நீந்தத் தெரியும். ஆனாலும் அந்த ஆழத்தில் முதல் தடவை இறங்கும்போது என் இடுப்பில் கட்டிவிட்டு நீங்கள் மேலே பிடித்துக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அம்மிணி